பிழிந்தாலும் ஏறாத சத்தம்

டாஃப்ட் பங்க் இரட்டையரின் ‘ஒன் மோர் டைம்’ 2000 நவம்பரில் வந்தது. அந்தப் பாட்டில், உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரஸரும் ஒரு தாளக் கருவி. கிக் டிரம் விழும் ஒவ்வொரு முறையும் சுற்றியிருக்கும் இசை அமுங்குகிறது. கிக் ஓய்ந்ததும் பொங்கிக்கொண்டு மேலே வருகிறது. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 123 அடி. ஓர் அடிக்கும் அடுத்ததுக்கும் நடுவே சுமார் 488 மில்லி செகண்ட் இருக்கிறது. அமுங்கிய இசை அதில் பாதி வழியிலேயே, 244 மில்லி செகண்ட் வாக்கில், பழைய உயரத்துக்குத் திரும்பினால் இரண்டு கிக்குகளுக்கு நடுவே உள்ள காலியிடமே ஒரு அடியாகக் காதில் விழும். கம்ப்ரஸர் பிடியை விட எடுக்கும் ரிலீஸ் நேரத்தை நீட்டினால் இசை எழுவதற்குள் அடுத்த கிக் வந்து மிதித்துவிடும். ஒரேயடியாகக் குறைத்தால் அமுங்கியதே தெரியாது. டாஃப்ட் பங்க் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் அலேசிஸ் 3630, பெரிய ஸ்டூடியோக்கள் ஏறெடுத்தும் பார்க்காத மலிவு விலைப் பெட்டி. நான்கு வருடம் கழித்து எரிக் பிரைட்ஸ் இதே உத்தியை ‘கால் ஆன் மீ’ பாட்டில் கூச்சமே இல்லாமல் காட்டி, பிரிட்டனில் முதலிடம் பிடித்தார்.

இதே கம்ப்ரஷன், பாட்டை வெளியீட்டுக்கு இறுதியாக்கும் மாஸ்டரிங் மேசைக்கு வந்ததும் குணம் மாறிவிடுகிறது. அங்கே அதன் கடைசி அவதாரம் லிமிட்டர். டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபல் என்ற கூரை உண்டு. அதைத் தாண்ட முடியாது. கூரையைத் தொடும் கிக், ஸ்னேர் முனைகளை மட்டம் தட்டிவிட்டு மொத்தத்தையும் மேலே தூக்கினால் பாட்டு சத்தமாகக் கேட்கும். 1994இல் வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 மென்பொருள் வந்த பிறகு, வரப்போகும் முனையை முன்கூட்டியே பார்த்து அமுக்கும் இந்த வேலை எல்லாருக்கும் கைக்கெட்டியது. இரண்டு பாட்டை அடுத்தடுத்துக் கேட்டால் சத்தம் கூடியதுதான் நல்லது என்று காது தீர்ப்பு எழுதிவிடும். அந்தத் தீர்ப்பை நம்பித்தான் பதினைந்து வருடம் போட்டி நடந்தது. சிடிக்கு ஏறக்குறைய 96 டெசிபல் வீச்சு இருந்தும் பாட்டுகள் மேல்தட்டில் சில டெசிபலுக்குள் நெருக்கியடித்து நின்றன. 2008இல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ சிடியைவிட ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டுக்குள் இருந்த அதே பாடல்கள் நன்றாக இருக்கின்றன என்று ரசிகர்கள் கொடி பிடித்தார்கள். ராக் இசைக்குழுதான் அது, ஆனாலும் நோய் ஒன்றுதான்.

பிறகு நடுவர் வந்தார். ஒலியின் உரப்பைக் காது உணரும் விதத்தில் அளக்க 2006இல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் பிஎஸ்.1770 என்ற அளவுமுறையை வெளியிட்டது. அதன் அலகு லஃப்ஸ். 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஒலிபரப்புக்கு மைனஸ் 23 லஃப்ஸ் என்று வரையறுத்தது. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 சுற்றுவட்டாரத்துக்குக் கொண்டுவருகிறது. யூடியூப் உரத்த பாட்டைக் குறைக்கிறது. இதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். லிமிட்டரில் பிழிந்து மைனஸ் 6இல் நிறுத்திய பாட்டு 8 டெசிபல் இறக்கப்படுகிறது. கூரையை ஒட்டியிருந்த அதன் கிக் முனையும் அதோடு 8 டெசிபல் கீழே போகிறது. மைனஸ் 14இலேயே மாஸ்டரான பாட்டின் கிக் கூரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டும் ஒரே உரப்பில் கேட்கும், ஆனால் பிழியாத பாட்டின் கிக் அலை பிழிந்ததைவிட இரண்டரை மடங்கு உயரம். குதிரைப் பந்தயத்தில் வேகமான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுவார்களே, அந்தக் கணக்கு. வித்தியாசம் ஒன்றுதான்: குதிரையின் கால்வலு கூடவே இருக்கும், பிழிந்த பாட்டின் கிக்கோ பிழிந்தபோதே போய்விட்டது.

விதிக்குள் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, மின்னணு இசைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. அளப்பது பாட்டு முழுவதன் சராசரியை. அந்தச் சராசரியைவிட 10 அலகுக்கு மேல் கீழே கிடக்கும் பகுதிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே பாட்டு வெடித்துக் கிளம்பும் டிராப்புக்கு முன்னால் வரும் அடங்கிய பகுதியான பிரேக்டவுனை அடியோடு மௌனமாக்காமல் 6, 7 டெசிபல் இறக்கி வைத்தால் சராசரி இறங்கும். பாட்டை அவ்வளவாகக் குறைக்கமாட்டார்கள். டிராப் அந்த அளவுக்கு ஓங்கி அடிக்கும். சத்தத்துக்காகப் பிரேக்டவுனையும் தூக்கி டிராப்புக்குச் சமமாக நிறுத்துகிறவர் தனக்கெதிராகத் தானே கோல் போட்டுக்கொள்கிறார். தவிர, அடித்தள பாஸ் அலைகளை இந்த அளவுமுறை குறைத்தே மதிப்பிடுகிறது. ஆனால் கூரைக்கடியில் இடம் பிடிப்பதில் அவைதான் முதல் ஆள். பாஸை எங்கே வெட்டுவது என்று மிக்ஸிலேயே முடிவெடுத்தவருக்கு லிமிட்டரிடம் கையேந்தும் அவசியம் குறைவு.

கிளப்பில் ஸ்பாட்டிஃபை இல்லையே என்பார்கள். நியாயமான ஆட்சேபம். டீஜே ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மெலிந்த பாட்டு தொய்ந்து விழும் என்ற பயத்தில் உண்மை இருக்கிறது. நடனத்துக்கான மாஸ்டர், வீட்டில் கேட்பதற்கானதைவிட அடர்த்தியாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு டீஜே மிக்ஸரிலும் சேனலுக்கு ஒரு ட்ரிம் குமிழ் இருக்கிறது. மென்பொருள்களில் தானியங்கி கெயின் இருக்கிறது. அதற்கு மேல் ஸ்பீக்கரைக் காப்பாற்ற அரங்கின் சொந்த லிமிட்டர் உட்கார்ந்திருக்கிறது. 2 டெசிபல் கூடுதல் சத்தத்தை ஒரு விரல் திருகில் சரிக்கட்டிவிடலாம். மழுங்கிய கிக் முனையை எந்தக் குமிழும் திருப்பித் தராது. நெஞ்சில் வந்து இடிப்பதற்கு அந்த முனைதான் வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், டப்ஸ்டெப் நடன இசைக்காரர் ஸ்க்ரில்லெக்ஸ். 2010இல் வந்த ‘ஸ்கேரி மான்ஸ்டர்ஸ் அண்ட் நைஸ் ஸ்ப்ரைட்ஸ்’ போன்ற வெளியீடுகள் தயவு தாட்சண்யமில்லாமல் உரத்தவை, வென்றவையும்கூட. டப்ஸ்டெப்பில் சிதைவே ஸ்வரம், அதை எடுத்துவிட்டால் இசையே போச்சு என்று வாதிடலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உரப்பு எங்கே உருவாகிறது என்று கவனியுங்கள். பாஸ் உறுமும்போது வேறெதுவும் பாடுவதில்லை; ஸ்னேர் விழும் கணத்தில் பாஸ் வாயை மூடிக்கொள்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் கூரையை முட்டுவதே அரிது என்பதால் கடைசி லிமிட்டருக்கு அதிக வேலை வைக்காமலே மொத்தமும் உரக்க நிற்கிறது. ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியே சிதைத்து, முறைவைத்து நிறுத்தும் இந்த ஏற்பாட்டை ‘ஒன் மோர் டைம்’ கம்ப்ரஸரின் வகையறாவில்தான் சேர்க்க வேண்டும். ஸ்க்ரில்லெக்ஸைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்கிறவர்கள் மீட்டரில் தெரியும் எண்ணை மட்டும் நகலெடுக்கிறார்கள். பத்து சின்த் அடுக்குகள் ஒன்றையொன்று இடிக்கும் மிக்ஸை லிமிட்டரில் தள்ளி அதே எண்ணை வரவழைத்தால் கிடைப்பது இரைச்சல்.

மறுபக்கத்திலும் ஒரு மூடநம்பிக்கை வளர்ந்திருக்கிறது. எல்லா மாஸ்டரையும் மைனஸ் 14இல்தான் முடிக்க வேண்டும் என்று சட்டம் போலச் சொல்லித்தருகிறார்கள். அது தளம் ஒலிக்கச் செய்யும் அளவு. இசைக்கான இலக்கு என்று யாரும் விதிக்கவில்லை. டெக்னோ ஒன்று மைனஸ் 9இல் இயல்பாக உட்கார்ந்தால் உட்காரட்டும், 5 டெசிபல் குறைக்கப்படுவதால் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை, முனைகள் பிழைத்திருக்கும்வரை. உண்மையான உச்சியை மட்டும் கூரைக்கு 1 டெசிபல் கீழே, ரொம்ப உரத்த பாட்டானால் 2 டெசிபல் கீழே வைப்பது நல்லது. தளங்கள் கோப்பைச் சுருக்கும்போது அலை கொஞ்சம் துள்ளி கூரையில் இடித்துக்கொள்ளும்.

அதே டாஃப்ட் பங்க் 2013இல் ‘ரேண்டம் ஆக்ஸஸ் மெமரீஸ்’ கொண்டுவந்தபோது சாம்பிளைப் பெரும்பாலும் விட்டு நேரடி வாத்தியக்காரர்களிடம் போனார்கள்; மாஸ்டரிங்கில் பாப் லுட்விக் இருந்தார். அந்நாளைய நடன இசை ஆல்பங்களின் பக்கத்தில் வைத்தால் அதன் டிரம்ஸ் தாராளமாக மூச்சு விடுகிறது. அடுத்த வருட கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதும், சிறந்த ஒலிப்பொறியியல் விருதும் அதற்கே கிடைத்தன. நேரடி வாத்தியம் என்பதால் கிடைத்த சலுகை அது, கணினியில் பிறக்கும் இசைக்குப் பொருந்தாது என்று சிலர் தள்ளிவிடுவார்கள். கணினியில் செய்த கிக்குக்கும் முனை உண்டு. லிமிட்டரை அணைத்தும் போட்டும், இரண்டு முறையும் உரப்பைச் சமமாக்கி வைத்துக்கொண்டு கேட்டால் எந்தப் பக்கம் கிக் இடிக்கிறது என்பது நாலு பாரில் தெரிந்துவிடும்.