வேங்கை பூத்தால்

சங்கக் கவிதையில் பூ ஒப்பனைப் பொருள் அல்ல, செய்தி சொல்லும் சாட்சி. வேங்கையை எடுத்துக்கொள்வோம். அதன் மஞ்சள் பூக்கள் உதிர்ந்த கரும்பாறை புலிபோலத் தோன்றும். அந்த அச்சம் ஒருபுறம். மறுபுறம், வேங்கை பூத்தால் தினை முற்றிவிட்டது என்று பொருள். கதிர் கொய்தால் தலைவியின் புனங்காவல் முடியும், அவள் வீட்டுக்குத் திரும்புவாள், தலைவனுடனான பகல் சந்திப்பு நின்றுபோகும். திருமணத்துக்கு உகந்த நாளும் அதுவே. பிரிவின் அச்சத்தையும் மணத்தின் நம்பிக்கையையும் ஒரே பூ சுமக்கிறது; என்ன அருமையான சிக்கனம்!

இதெல்லாம் புலவர்கள் மனப்பாடமாகக் கைமாற்றிய வாய்பாடு என்பார்கள். மரபு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த மரபு காட்டைப் பார்த்த கண்ணிலிருந்து பிறந்தது. சவ்வாது மலைக்கு அருகே, செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், 583 அடிகளில் மலைவழியையும் விளைச்சலையும் விரித்துச் சொல்கிறது. இன்றும் சவ்வாது மலையில் சாமை விளைகிறது. செங்காந்தளைப் பாருங்கள்: இலைநுனியே சுருண்டு கொம்பைப் பற்றி ஏறும், மேல்நோக்கி மடங்கிய இதழ்கள் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும். அதைப் பெண்ணின் விரல் என்றவர் பூவை அருகில் நின்று பார்த்திருக்கிறார். கிழங்கில் கொடிய நஞ்சு இருப்பதும் மலைவாழ் மக்கள் அறிந்ததே.