மஞ்சளும் கொழுப்பு செல்லும்: ஆய்வுகள் சொல்லாமல் விடுவது

அம்மாவுக்கு சர்க்கரை இருக்கு. "மஞ்சள் மாத்திரை கொழுப்பு செல்லையே வளர விடாதாம்டா, மெட்ஃபார்மினை நிறுத்திடலாமா?"ன்னு கேட்டாங்க. அந்த வகை ஆய்வுக் கட்டுரைகளை உட்கார்ந்து படிச்சேன்.

பெரும்பாலும் ஒரே கதைதான். 3டி3-எல்1 என்ற சுண்டெலி செல்களைத் தட்டில் வளர்த்து, மஞ்சளில் உள்ள குர்குமினைச் சேர்ப்பார்கள். அவை கொழுப்பு செல்லாக மாறுவது குறையும். உடனே முடிவுரையில், 'நீரிழிவுக்குப் பயன்படலாம்'.

இடறுவது அங்கேதான். கொழுப்பு செல் ஒரு கிடங்கு. அது போதாவிட்டால் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்ச் சேரும். இன்சுலின் சரியாக வேலை செய்யாது. லிப்போடிஸ்ட்ரோபி நோயாளிகளுக்குக் கொழுப்புத் திசு மிகக் குறைவு. அவர்களில் பலருக்குக் கடுமையான சர்க்கரை நோய் வருகிறது. பயோகிளிட்டசோன் மாத்திரை நேர் எதிர்: புதுக் கொழுப்பு செல்கள் உருவாகத் தூண்டும். எடை கூடும், சர்க்கரை இறங்கும்! அப்போ, 'கொழுப்பு செல் குறைந்தது' என்பது நல்ல செய்தியா?

அடுத்தது அளவு. குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. உள்ளே போனதையும் உடல் சீக்கிரமே மாற்றி வெளியேற்றிவிடும். தட்டில் ஊற்றும் செறிவு ரத்தத்தில் கிடைப்பது அரிது. 'என் லேப்டாப்பில் ஓடுது' என்று சொல்லி கோடை வாடிக்கையாளருக்கு அனுப்புகிற கதைதான் இது.

செல் ஆய்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது முதல் படி; மருந்துச் சீட்டு அல்ல.

அம்மாகிட்ட சொன்னது இவ்வளவுதான்: மஞ்சள் குழம்புல இருக்கட்டும். மாத்திரையை நிறுத்துறதா இருந்தா டாக்டர் சொல்லட்டும்.