எரிக்கப்பட்ட நூலும் நீக்கப்பட்ட ஊர்ப்பெயரும்: ‘பாரன்ஹீட் 451’ முன்வைத்துக் கொங்கு நாவல்

ரே பிராட்பரியின் ‘பாரன்ஹீட் 451’ (1953), நூல்களைத் தேடி எரிக்கும் தீயணைப்புத் துறையினரைப் படைத்துக்காட்டும் நாவலாகும். அரசுத் தணிக்கையைச் சித்திரிக்கும் படைப்பாகவே இது பெரிதும் வாசிக்கப்படுகிறது. ஆயின், தீயணைப்புத் தலைவன் பீட்டி கதைத்தலைவன் மாண்டேக்கிடம் தரும் விளக்கம் வேறு. தம்மைப் புண்படுத்தும் எழுத்தை விலக்குமாறு ஒவ்வொரு குழுவும் கோரியது; மக்களும் வாசிப்பைக் கைவிட்டனர்; அரசின் தீ அதன் பின்னரே வந்தது என்கிறான் அவன். இவ்விளக்கம் கொங்கு வட்டார நாவலின் அண்மை வரலாற்றோடு ஒப்புநோக்கத்தக்கது.

தாராபுரத்தை அடுத்த கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) தொட்டு வளர்ந்த மரபு இது. தாராபுரம், மடத்துக்குளம் போன்ற அமராவதி ஆற்றுப் பகுதிகள் முதல் திருச்செங்கோடு வரையிலான நிலத்தில் ஊர், சாதி, தொழில், பேச்சு ஆகியவற்றைப் பெயர்சுட்டி எழுதுவதே இம்மரபின் வலிமை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) திருச்செங்கோட்டுக் கோயில் திருவிழாவையும் குழந்தையற்ற இணையரின் துயரையும் அவ்வாறே பதிவு செய்தது.

நூல் வெளிவந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் அதன் படிகள் எரிக்கப்பட்டன. எரித்தவர் அரசினர் அல்லர். நூல் தம்மைப் புண்படுத்தியதாகக் கூறியோர். அடுத்த பதிப்பில் ஊர்ப்பெயரை நீக்க எழுத்தாளர் முன்வந்தும் எதிர்ப்பு அடங்கவில்லை. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய அமைதிப் பேச்சுவார்த்தை, நிபந்தனையற்ற மன்னிப்பில் முடிந்தது. அவர் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்ததாக அறிவித்தார். அவ்வுடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு நூலை மீட்டது. எழுத்தில் நேர்ந்த மாற்றத்தை அறியப் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (2016) உதவும். மனிதரையும் தெய்வங்களையும் எழுத அஞ்சுவதாக அதன் முன்னுரை கூறுகிறது. மேட்டுக்காட்டு வாழ்வு கொங்கு வாசகர் அறிந்ததே. எனினும் ‘மாதொருபாகன்’ காட்டியது போன்ற, அடையாளம் காணத்தக்க ஊரோ சாதியோ இதில் இல்லை. பிறந்த குட்டிக்குக் காது குத்தி எண் அணிவிக்கும் ஆட்சியும், அதன் செவிக்கு அஞ்சித் தணிந்த குரலில் பேசும் மக்களும் உள்ளனர். கண்காணிப்பு அரசு பற்றிய இவ்விமர்சனம் எந்நாட்டவர்க்கும் பொருந்துவது. அப்பொதுமை இந்நாவலின் பேறு. வட்டார நாவல் நோக்கில் அது இழப்புமாகும்.

பிராட்பரியின் இறுதிப்பகுதியில் தலைமறைவாக வாழ்வோர் நூல்களை மனனம் செய்து காக்கின்றனர். எழுதப்பட்ட நூலுக்கே அவ்வழி உதவும். அச்சத்தால் எழுதாமல் விடப்பட்ட ஊரையும் வழக்காற்றையும் மனனத்தாலும் தீர்ப்பாலும் மீட்க இயலாது. ஆகவே, தணிக்கை பற்றிய ஆய்வு எரிக்கப்பட்ட, தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலோடு நின்றுவிடலாகாது. 2015க்குப் பிந்தைய கொங்குப் புனைகதைகளில் எவ்வூர்ப்பெயர்கள், எச்சாதிப்பெயர்கள் மறைந்தன என்பதையும் அது கணக்கிட வேண்டும்.