90 நொடியில் புறப்படும் படகு

லண்டன் வாட்டர்லூ பாலத்தருகே, தேம்ஸ் நதியிலேயே மிதக்கிறது ஓர் உயிர்காப்பு நிலையம். பெயர் என்னவோ டவர்; டவர் பாலம் இருப்பதோ நதியின் போக்கில் கீழே தள்ளி! 1989-இல் இதே நதியில் மார்ஷனஸ் உல்லாசப் படகு மூழ்கி 51 பேர் மாண்டனர். அதன் பின்விளைவாக 2002-இல் உயிர்காப்புப் படகு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. இந்நதிக்கு வந்தது. சம்பள ஊழியர்களோடு, சொந்தப் பிழைப்புக்கு நடுவே 12 மணி நேர முறை பார்க்கும் தொண்டர்களும் உண்டு. அழைப்பு வந்தால் 90 நொடிக்குள் மீட்புப் படகு கிளம்புவது இலக்கு.

எனக்குப் பிடித்தது படகின் அடிப்பாகம்தான். வெளியே நீட்டிக்கொண்டு சுழலும் விசிறி கிடையாது. உறிஞ்சிய நீரைப் பின்னால் பீய்ச்சியே 40 நாட் வேகம் பிடிக்கும். தத்தளிப்பவரை ஒட்டியே போய் நிற்கலாம், காலை வெட்டிவிடுமோ என்ற பயமில்லை. கடல் ஏற்றவற்றத்தால் நீர்மட்டம் 7 மீட்டர் வரை மாறுகிற நதி அது. வற்றும்போது ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். துரத்திப் பிடிக்க இந்த வேகம் வேண்டியதுதான்.