ஆக்கர் விழுந்த பம்பரம்

கடைந்த மரம், அடியில் அறைந்த ஆணி, நுனியில் முடிச்சுப் போட்ட சாட்டை. பம்பரத்துக்கு வேறொன்றும் வேண்டாம். ஆணி நட்டநடுவில் இறங்கியிருந்தால் பம்பரம் தூங்கும்; அசையாமல் நிற்பதுபோல் தெரியும், உண்மையில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆணி இம்மி சாய்ந்தாலும் அதிர்ந்து அலையும்.

அண்மையில் காலமான என் பால்ய நண்பன் ஆணி சாய்ந்திருக்கிறதா என்பதைப் பம்பரத்தைக் கையில் வாங்கிய உடனே சொல்லிவிடுவான். புது ஆணியைக் கருங்கல்லில் தேய்த்துப் பதமாக்குவான். சுற்றும் பம்பரத்தை உள்ளங்கையில் ஏற்றிச் சோதிப்பான். அவனைப்போல் அபீட் எடுக்க எங்கள் தெருவில் ஆளில்லை. சாட்டையைச் சுண்டினால் தரையில் சுற்றும் பம்பரம் எகிறி அவன் கைக்குள் வந்து விழும்.

வட்டத்துக்குள் மாட்டிய பம்பரத்தைத் தன் பம்பரத்தின் ஆணியால் குத்தி ஆக்கர் என்னும் வடு வைப்பதில் மட்டும் தயவு கிடையாது. வட்டத்துக்குள் மாட்டியது என் பம்பரம் என்றால் இன்னும் ஓங்கிக் குத்துவான். என் முகம் சுருங்கினால், "ஆக்கர் விழாட்டி அது கடையில இருக்கிற பம்பரம்டா" என்பான்.

தலை நரைத்த பிறகும் அவன் என்னிடம் இதமாகப் பேசியதில்லை. உள்ளதை ஓங்கியே சொன்னான். டவுசர் வயதில் வாங்கிய உரிமை அது. பிறகு வந்த எவருக்கும் நான் அதைக் கொடுத்ததில்லை. இனிக் கேட்கவும் ஆளில்லை.