ஹுமாயூன் சமாதி வகுத்த அளவு

முகலாயர் வேரூன்றுமுன்பே வட இந்தியாவில் சமாதிக் கட்டடக்கலை நன்கு வளர்ந்திருந்தது. லோதி, சூர் மன்னர்கள் காலத்தில் அரசர்க்கு எண்கோண மண்டபம் எழுப்புவது வழக்கம். சசாராமில் ஏரி நடுவே நிற்கும் ஷேர்ஷா சமாதி அவ்வழியின் உச்சம். 1547இல் டில்லியில் எழுந்த ஈசா கான் சமாதியும் அதே வழிதான்.

அதற்கு அருகிலேயே, இருபது ஆண்டுக்குள், வேறொரு வழி தொடங்கியது. 1556இல் நூலகப் படிகளில் விழுந்து இறந்த ஹுமாயூனுக்காக அக்பர் காலத்தில் எழுந்த சமாதி அது. வடிவமைத்த மீரக் மிர்சா கியாஸ் ஹெராத், புகாரா மரபில் தேர்ந்தவர். நடு அறையைச் சூழ எட்டு அறைகள் அமைக்கும் முறையும், தைமூர் வழியினரின் உயர்ந்த கும்மட்டமும் அவரோடு வந்தன. செம்மணற்கல்லில் வெண்பளிங்கு பதிக்கும் கைவழக்கமோ டில்லிக் கல்தச்சர்களுடையது. டில்லியின் பழைய வாயிலான அலாய் தர்வாசாவிலேயே அதைக் காணலாம். கூரைமேல் நிற்கும் சத்ரிகள் எனும் சிறு மண்டபங்களும் இந்நாட்டவை.

இரு மரபுகளையும் இசைய வைத்தது இரட்டைக் கும்மட்டம். ஒரே கூடாக இருந்தால் ஒன்று வெளியே குட்டையாகத் தெரியும். இல்லையேல் உள்ளே கூரை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். இங்கே வெளிக்கூடு தோட்டத்துக்காக உயர்கிறது. உள்கூடு அறைக்கு ஏற்பத் தாழ்ந்து கவிகிறது. நீர்க்கால்கள் நான்காகப் பகுத்த சார்பாக் தோட்டத்தின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் கும்மட்டமும் கட்டடமும் ஒன்றையொன்று மிஞ்சுவதில்லை. முகலாயச் சமாதி எதையும் இந்தப் பொருத்தத்தை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பேன்.

பின்வந்தோர் அனைவரும் இதையே பின்பற்றவில்லை. சிக்கந்தராவிலுள்ள அக்பர் சமாதி கும்மட்டமின்றி அடுக்கடுக்காக ஏறுகிறது. துணிச்சலான முயற்சி, ஆனால் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் ஒட்டவில்லை. ஆக்ராவில் நூர்ஜகான் தன் தந்தைக்குக் கட்டிய இதிமாத் உத் தௌலா சமாதி அளவில் சிறியது. பளிங்கில் வண்ணக்கற்களை இழைக்கும் நுட்பம் அங்கேதான் முழுமை கண்டது. ஹுமாயூன் சமாதியின் பொருத்தமும் அந்த இழைப்பும் 1632இல் தொடங்கிய தாஜ் மகாலில் கூடின. தாஜ் மகாலைப் புகழ்வோர் பளிங்கின் வெண்மையையே பேசுகிறார்கள். அதைத் தாங்கும் கணக்கு டில்லியிலிருந்து போனது.

ஔரங்காபாதின் பீபி கா மக்பரா தாஜ் மகாலின் வடிவை எடுத்துக்கொண்டது. நெருங்கி நிற்கும் மினார்களால் மூச்சு முட்டுகிறது. 1754இல் டில்லியில் முடிந்த சஃப்தர்ஜங் சமாதியில் அகலம் சுருங்கி, உயரம் துருத்துகிறது. கல்லுக்கும் அப்போது தட்டுப்பாடு. ஹுமாயூன் சமாதியைப் பார்த்துக் கட்டிய ரஹீம் கான் இ கானான் சமாதியிலிருந்து பளிங்கையும் செம்மணற்கல் பலகைகளையும் பெயர்த்து வந்தே அதைக் கட்டினார்கள்.