சமையல்கட்டில் கற்ற ஸ்பானிஷ்

குவாத்தமாலாவில் ஆன்டிகுவா என்று ஒரு பழைய ஊர். ஸ்பானிஷ் கற்க வரும் வெளிநாட்டு மாணவர்களை நம்பியே அங்கே பல பள்ளிகள் ஓடுகின்றன. ஓர் ஆசிரியர், ஒரே ஒரு மாணவர். தினமும் நாலைந்து மணி நேரம் பேச்சு. மீதி நேரம் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு வாசம். கறுப்பு பீன்ஸ், மக்காச்சோள ரொட்டியான தொர்த்தியா, வீட்டம்மாவோடு தப்பும் தவறுமாக அரட்டை. வகுப்பில் வராத மொழி சமையல்கட்டில் வந்துவிடும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நம்பிக்கை. கேட்கவே நல்லாத்தான் இருக்கு. எனக்கும் அந்த ஆசை உண்டு.

அதே நாட்டில் இன்னொரு பெண்ணும் அந்நியர் வீட்டில் தங்கித்தான் ஸ்பானிஷைக் காதில் வாங்கினாள். அவள் கதையைப் படித்த பிறகு என் ஆசை கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது.

ரிகொபெர்தா மென்சூ கிச்சே மாயா இனத்தைச் சேர்ந்தவர். 1983ல் ஸ்பானிஷில் வெளிவந்த அவருடைய வாழ்க்கைக் கதை அடுத்த ஆண்டே ஆங்கிலத்துக்குப் போனது. 1992ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புத்தகத்தில், சிறுமியாகத் தலைநகரில் ஒரு பணக்கார வீட்டுக்கு வேலைக்குப் போன பகுதி இருக்கிறது. ஸ்பானிஷ் அரைகுறையாகப் புரியும், பேச வராது. வீட்டு நாய்க்குக் கறித்துண்டும் சோறும். இவளுக்குக் கொஞ்சம் பீன்ஸும் காய்ந்த தொர்த்தியாவும்.

அதே பீன்ஸ், அதே தொர்த்தியா. ஆன்டிகுவாவில் காசு கொடுத்துத் தங்கும் மாணவன் முதலில் கற்பது ‘எனக்கு வேணும்’. இந்தச் சிறுமி முதலில் கேட்டது ‘செய்’, ‘கொண்டா’. மாணவன் தப்பாகப் பேசினால் வீடே சிரித்துத் திருத்தும். வேலைக்காரி தப்பாகப் புரிந்துகொண்டால் திட்டு விழும். வீட்டோடு தங்கினால் மொழி வரும் என்பது உண்மைதான். எந்த மொழி வரும் என்பதை, அந்த வீட்டில் நாம் யாராக இருக்கிறோம் என்பதுதான் முடிவு செய்கிறது.

இந்தப் புத்தகம் உருவானதும் ஒரு வீட்டில்தான். 1982 ஜனவரியில் பாரிஸுக்கு வந்த மென்சூ, வெனிசுவேலாவைச் சேர்ந்த மானுடவியலாளர் எலிசபெத் புர்கோஸ் வீட்டில் ஏறக்குறைய ஒரு வாரம் தங்கித் தன் கதையை ஒலிநாடாவில் சொன்னார். ஸ்பானிஷ் பேசத் தொடங்கி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன என்கிறது புத்தகம். தொர்த்தியாவும் பீன்ஸும்தான் தங்களை நெருக்கமாக்கின என்று புர்கோஸ் முன்னுரையில் எழுதுகிறார். அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் அதே முன்னுரையில் இன்னும் இரண்டு தகவல்கள் உண்டு. தான் கேட்ட கேள்விகளை அவர் நீக்கிவிட்டார். புதிதாக மொழி கற்றவருக்கு வரும் ஆண்பால் பெண்பால் பிழைகளையும் திருத்திவிட்டார். அப்படியே விட்டால் வேடிக்கைப் பொருளாகிவிடும் என்பது அவர் காரணம்.

இரண்டாவதை என்னால் ஏற்க முடிகிறது. மழலை ஸ்பானிஷில் அச்சிட்டிருந்தால் நாம் கொலைகளைப் பற்றிப் படிக்கும்போதும் அந்த மழலையைத்தான் ரசித்திருப்போம். முதலாவதுதான் உறுத்துகிறது. கேள்விகளை எடுத்ததும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது ஒருத்தி தனியாகப் பேசியதாக மாறிவிட்டது. விருந்து கொடுத்தவர் அறையிலிருந்து காணாமல் போய்விட்டார். நூலாசிரியராக அட்டையில் மட்டும் இருந்தார்.

தலைப்பையும் பாருங்கள். ஸ்பானிஷில் ‘மே யாமோ ரிகொபெர்தா மென்சூ இ அசி மே நாசியோ லா கொன்சியென்சியா’. ஆங்கிலத்தில் ‘ஐ, ரிகொபெர்தா மென்சூ’ என்று சுருங்கிவிட்டது. ‘நான்’ மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. மூலத்தின் பின்பாதியைத் தமிழில் சொல்வது சுலபம்: ‘இப்படித்தான் எனக்கு விழிப்பு பிறந்தது’. பசியும் கோபமும் பிடித்தமும் நம் மொழியில் ‘எனக்கு’ வருவதுபோல, ஸ்பானிஷிலும் பல விஷயங்கள் ஒருவருக்கு நிகழ்கின்றன. மென்சூவுக்கு அந்த விழிப்பு ஊராரோடும் தோட்டக்கூலிகளோடும் சேர்ந்து பிறந்தது. ஆங்கிலத் தலைப்பில் அந்தக் கூட்டமே இல்லை.

ஓர் எதிர்வாதத்தைத் தாண்டிப் போக முடியாது. 1999ல் மானுடவியலாளர் டேவிட் ஸ்டோல் இந்தக் கதையின் பல விவரங்களை மறுத்துப் புத்தகம் எழுதினார். பள்ளிக்கே போனதில்லை என்று சொன்ன மென்சூ, கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவர் என்பது அதில் ஒன்று. மொழி கற்ற கதையாகப் படிக்கும் எனக்கு இது பெரிய அடி. அவர் ஸ்பானிஷ் எங்கே, எப்போது வந்தது என்ற கணக்கே மாறிவிடுகிறது. ‘அதனால என்ன’ என்று கடந்துவிடுவது மென்சூவுக்கும் மரியாதை இல்லை. ஆனால் அந்தத் தலைமுறைக்கு நடந்த கொடுமை அதனால் இல்லையென்று ஆகிவிடாது. 36 ஆண்டு உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள் என்று அதே 1999ல் ஐநா ஆதரவோடு அமைந்த உண்மை ஆணையம் சொன்னது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள்.

அந்த மக்களுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள். ஒருவர் பேசுவது அடுத்தவருக்குப் புரியாது. எஜமானின் மொழியை மென்சூ கற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம், பக்கத்து மாயாவோடு பேச வேண்டியிருந்தது. அந்த ஸ்பானிஷிலேயே புத்தகத்தின் கடைசியில், தன் மக்களின் சில ரகசியங்களை யாருக்கும் சொல்லப்போவதில்லை என்றும் சொல்லிவிடுகிறார். விருந்தோம்பிய புர்கோஸுக்கும் அது கிடையாது, வாசிக்கும் நமக்கும் கிடையாது.

ஆன்டிகுவாவுக்கு எப்போதாவது போனால் இதைத்தான் நினைத்துக்கொள்வேன். எதிரே உட்கார்ந்து என் வினைச்சொல்லைப் பொறுமையாகத் திருத்தும் அந்த அம்மாவுக்கோ அவருடைய அம்மாவுக்கோ தாய்மொழி கக்சிக்கேலாக இருக்கலாம். ஸ்பானிஷ் அவர்களுக்கும் யார் வீட்டிலோ கற்றதாக இருக்கலாம். எங்கே கற்றீர்கள் என்று கேட்கும் அளவுக்கு ஸ்பானிஷ் எனக்கு முதல் வாரத்திலேயே வந்துவிடும். பதில் சொல்லாமல் அவர் தொர்த்தியாவை என் தட்டில் வைத்தால், அதுவும் ஒரு பதில்தான் என்று புரிந்துகொள்ள இந்தப் புத்தகம் வேண்டியிருந்தது.